களிமண் காட்டிக் கொடுத்த தங்கம்

ஜப்பானின் கியூஷூ தீவில், ககோஷிமா மாகாணத்தில் ஹிஷிகாரி தங்கச் சுரங்கம் இருக்கிறது. 1981-இல் அங்கு ஆய்வுக்காக இறக்கப்பட்ட முதல் துளை, 15 சென்டிமீட்டர் தடிமனே உள்ள ஒரு தாது நாளத்தை, அதாவது பாறை விரிசலில் தாது படிந்த பட்டையைத் தொட்டது. அந்தப் பாறையில் டன்னுக்கு 290 கிராம் தங்கம் இருந்தது. டன்னுக்குச் சில கிராம் கிடைத்தாலே சுரங்கம் தோண்டுகிற தொழிலில் இது நம்ப முடியாத அளவு. ஆனால், துளையை எங்கே இறக்குவது என்பதைக் காட்டிக் கொடுத்தது தங்கமன்று, களிமண். ஈரக் களிமண் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதால், மின்தடை குறைந்த நிலப்பகுதியைத் தேடியே ஆய்வாளர்கள் அங்கு வந்து சேர்ந்தார்கள்.

எரிமலைப் பாறைக்குள் களிமண் எப்படி வந்தது? ஹிஷிகாரியின் மேல்பகுதிப் பாறை ஆண்டிசைட். மாறாத ஆண்டிசைட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உடைந்த முகத்தில் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் பளபளக்கும். சூடான நீர் பல்லாயிரம் ஆண்டுகள் ஊடுருவிய ஆண்டிசைட்டிலோ அதே படிகங்கள் வெளிறிய புள்ளிகளாகி, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்கின்றன, கருநிறக் கனிமங்கள் மங்கிய பச்சைக் குளோரைட்டாகின்றன. நீர் சோடியத்தையும் கால்சியத்தையும் பாறையிலிருந்து கரைத்துக்கொண்டு, பல இடங்களில் பொட்டாசியத்தை விட்டுச் செல்கிறது. எந்தக் களிமண் உருவாகும் என்பதைப் பெரும்பாலும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஸ்மெக்டைட்டும், 220-க்கு மேலே இல்லைட்டும், இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டும் அடுக்கடுக்காகக் கலந்த களிமண்ணும் உண்டாகின்றன. ஆகவே விளிம்பில் ஸ்மெக்டைட், உள்ளே செல்லச் செல்ல கலப்புக் களிமண், நாளங்களை ஒட்டி குளோரைட்டும் இல்லைட்டும் என்று வரைபடம் தீட்டினால், என்றோ ஆறிப்போன வெப்பத்தின் மையம் எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும்.

அந்த வெந்நீரில் கரைந்திருந்த தங்கம் மிகச் சொற்பம். இத்தகைய நீரில் அது நூறு கோடிப் பங்குக்குச் சில பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். அதையும் கரைசலில் பிடித்து வைத்திருப்பது, ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து வரும் கந்தகம். சுமார் 200 டிகிரி சூட்டில் உள்ள நீர் கொதிக்காமல் இருக்க வேண்டுமானால், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 15 மடங்குக்கும் சற்று மேலான அழுத்தம் தேவை. பாறையில் விரிசல் திறந்து அந்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது, கோலி சோடாவைத் திறந்ததுபோல் நீர் பொங்கி, ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகின்றன. கந்தகத் துணையை இழந்த தங்கம் அந்த இடத்திலேயே படிந்துவிடுகிறது. வாயு போன சோடாவில் சுர்ரென்ற புளிப்பு குறைவதைப் போல, நீரின் அமிலத்தன்மையும் குறைகிறது. அப்போது அடுலேரியா என்ற பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் குவார்ட்சுடன் சேர்ந்து படிகிறது. அந்தப் பொட்டாசியத்தின் கதிரியக்கச் சிதைவைக் கொண்டுதான் ஹிஷிகாரி நாளங்களின் வயது சுமார் 10 லட்சம் ஆண்டு என்று கணித்தார்கள். புவியியலில் அது நேற்றைய நிகழ்ச்சி.

விரிசல் பலமுறை திறந்து மூடியதால் நாளத்தில் வெள்ளைப் பட்டைகள் வரிவரியாகப் படிந்திருக்கின்றன. அவற்றினூடே பென்சில் கோடுபோல் ஓடும் கரிய வரிகளை ஜப்பானியச் சுரங்கத் தொழிலாளர்கள் 'கிங்குரோ', அதாவது வெள்ளிக் கருமை, என்பார்கள். வெள்ளிக் கனிமங்களும், தங்கமும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரமும் அந்த வரிகளில்தான் செறிந்துள்ளன. பார்வைக்கு எடுப்பான வெள்ளைக் குவார்ட்சைவிட அந்த அழுக்குக் கோட்டுக்கே மதிப்பு அதிகம்.

அதே மாகாணத்தில் உள்ள கசுகா, இவாதோ, அகேஷி சுரங்கங்களில் நடந்தது வேறு. அங்கே எரிமலைக் குழம்பிலிருந்து எழுந்த கந்தக, குளோரின் வாயுக்கள் நீரைக் கடும் அமிலமாக்கின. அந்த அமிலம் அலுமினியம் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போக, துளைகள் நிறைந்த சிலிக்கா மட்டும் எஞ்சியது, தங்கம் அதில் தங்கியது. அந்தச் சிலிக்கா தாமிர உருக்காலைகளில் தாதுவை எளிதில் உருகச் செய்யும் இளக்கியாகவும் பயன்படுவதால், தங்கத்தைத் தனியே பிரிக்க வேண்டிய செலவு குறைகிறது.

ஹிஷிகாரியில் சூடு இன்னும் முழுவதுமாக ஆறிவிடவில்லை. சுரங்கத்துக்குள் ஊறும் நீர் சுமார் 65 டிகிரி இருப்பதால், அதை இறைத்து வெளியேற்றிக்கொண்டேதான் வெட்ட வேண்டியிருக்கிறது. இறைத்த வெந்நீரில் ஒரு பகுதி பக்கத்து ஊரின் குளியல் விடுதிகளுக்குப் போகிறது.