84 நாள் விடுமுறையும் ஆறு மாதத் தாய்ப்பாலும்

கொழும்பில் குழந்தை பிறந்து வீடு திரும்பும் தாயின் கையில் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும் இருக்கும். ஆண் பிள்ளைக்கு நீல நிறத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் வழங்கப்படும் அந்தப் பதிவேட்டில், குடும்பநல உத்தியோகத்தர் மாதந்தோறும் நிறையைக் குறித்து வளர்ச்சிக் கோட்டை வரைவார். பிறந்த முதல் நாட்களில் நிறை சற்றுக் குறைவது இயல்பே. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறப்பு நிறையை மீட்டு, அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை கூடுகின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது கோடு மேலேறுகிறதா என்பதையே. அது தட்டையானாலோ சரிந்தாலோ, பால்மா வாங்கக் கடைக்குப் போகுமுன் உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையின் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையத்திலோ பாலூட்டும் முறையைக் காட்டிக் கேட்பது நல்லது. குழந்தை முலைக்காம்பை மட்டும் பற்றியிருப்பதே பல வேளைகளில் காரணமாக இருக்கும்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. தனியார் துறைத் தாய்க்குச் சட்டம் தரும் சம்பளத்துடனான விடுமுறையோ 84 நாள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோருக்கு வாராந்த விடுமுறையும் போயா (பௌர்ணமி) தினமும் பொது விடுமுறையும் அதில் சேரா. ஆயினும் 14 நாள் பிரசவத்துக்கு முன்னரே கழிந்துவிட்டால், குழந்தைக்கு ஆறு மாதமாவதற்கு வெகு முன்பே தாய் வேலைக்குத் திரும்ப வேண்டியதாகிறது. முன்னர் மூன்றாவது குழந்தை முதல் குறைந்திருந்த இவ்விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களால் எல்லாப் பிரசவங்களுக்கும் ஒன்றாக்கப்பட்டது. அரச ஊழியர் முழுச் சம்பள 84 நாளுக்குப் பின் அரைச் சம்பளத்தில் 84 நாளும், சம்பளமின்றி மேலும் 84 நாளும் பெறலாம்.

எஞ்சும் மாதங்களுக்கான உரிமை பலர் கேட்டுப் பெறாதது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் தொழிலிடங்களில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துள் இரண்டு இடைவேளைகள் தரப்பட வேண்டும். தொழில்தருநர் பாலூட்ட ஏற்ற இடம் ஒதுக்கியிருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்கும், இல்லையேல் ஒரு மணித்தியாலத்துக்கும் குறையக் கூடாது. இவை சாப்பாட்டு நேரத்தில் கழிக்கப்படுபவை அல்ல. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் பொருந்துவதால், தமக்குரியது எது என்பதை விடுமுறை முடியுமுன்னரே தொழில் திணைக்களத்தில் விசாரித்துவிட வேண்டும்.