மீனே இல்லாத ஓடைக்காக ஏன் இவ்ளோ சண்டை?

சியாட்டில் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தா கட்டாயம் கூட்டிட்டுப் போற எடம் ரெண்டு. ஒண்ணு ஸ்னோக்வால்மி அருவி, இன்னொண்ணு பாலார்ட் லாக்ஸ், படகு போறதுக்காகக் கட்டுன மதகு. லாக்ஸ்ல கீழ எறங்கிப் போனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சால்மன் மீன் படி ஏறி வர்றதப் பாக்கலாம், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, அம்மாமார்கள் "எவ்ளோ பெரிய மீனு, என்ன வெல இருக்கும்"னு கேப்பாங்க. என் வேலை அங்க இல்லங்க. சால்மன் ஏறுற ஆறு எதையாவது புடிச்சு மேல மேல போயிட்டே இருந்தீங்கன்னா மீன் எல்லாம் நின்னு போற எடம் ஒண்ணு வரும், அதுக்கும் மேல, ஒரு தாவு தாவுனா தாண்டிடலாங்கிற அகலத்துல, புதர் மூடி, தண்ணி கண்ணுல படாம சத்தம் மட்டும் கேக்குற ஒரு ஓடை இருக்கும். என் வேலை அங்கதான்.

பதினஞ்சு வருஷத்துக்கு மேல வாஷிங்டன் மாநிலத்துல மரம் வெட்டுற விதிமுறைக்கும் மீன் வாழ்ற எடத்துக்கும் நடுவுல நின்னுட்டு இருக்கேன். மொதல்ல பூட்ஸ் போட்டு ஓடை அளக்குற வேலை, இப்போ ஒரு பாதுகாப்பு அமைப்புல கொள்கை வேலைய முன்னாடி நின்னு நடத்துறேன், அதாவது மாசத்துல பாதி நாள் மீட்டிங், மீதி நாள் அந்த மீட்டிங்கப் பத்தி மீட்டிங். "காட்டுல மரம் வெட்டுனா மீனுக்கு என்ன"ன்னு கேக்காதவங்க கம்மி, அதனாலதான் இத எழுதுறேன்.

சால்மன் குளிர் தண்ணி மீன். இங்க கோடைக்கான முக்கியமான சால்மன் ஆறுகளுக்கு மாநிலம் வெச்சிருக்கிற வரம்பு 16 டிகிரி செல்சியஸ். கரையில நிக்கிற டக்லஸ் ஃபிர்ரும் ஹெம்லாக்கும் குடை மாதிரி மூடி நின்னாதான் அந்தக் குளிர்ச்சி நிக்கும். அப்புறம் அந்த மரம் கிழடாகி ஓடையில விழணும். விழுந்து கெடக்குற மரம்தான் தண்ணிய மறிச்சு மடு உண்டாக்கும், கூழாங்கல்லப் புடிச்சு வெக்கும், கோஹோங்கிற சால்மன் வகையோட குஞ்சு கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் போல அந்த மடுலதான் ஒளிஞ்சு வளரும். சால்மன் முட்டைய கூழாங்கல்லுக்கு அடியிலதான் பொதைக்கும், காட்டு ரோட்டுல லாரி ஓடி அரைச்ச மண்ணு மழையில எறங்கி அந்தக் கல் சந்தெல்லாம் அடைச்சா முட்டைக்கு ஆக்சிஜன் போகாது, அங்கயே செத்துடும்.

இதுல ஒரு கொடும, 1950-களில இருந்து 70-கள் வரைக்கும் அரசாங்கமே ஆளு வெச்சு ஓடையில கெடந்த மரத்தையெல்லாம் இழுத்து வெளிய போட்டுச்சு. மீன் போக வழி வுடுறோம்னு நெனச்சு நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க. இப்போ அதே மாதிரி மரத்த ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்து திரும்பப் போடுறோம், ஒவ்வொரு மரத்துக்கும் ஆகுற செலவ நான் பட்ஜெட்ல பாக்கும்போது வயிறு எரியும்.

சட்டக் கதைக்கு வருவோம். 1974-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. பிப்ரவரி 12-ஆம் தேதி ஜட்ஜ் ஜார்ஜ் போல்ட் ஒரு தீர்ப்பு குடுத்தாரு, 1850-களில பூர்வகுடிகளோட போட்ட ஒப்பந்தப்படி பிடிக்கக்கூடிய மீன்ல பாதி அவங்களுக்கு உரிமைன்னு. அதே வருஷம் மாநிலத்துல காட்டுத் தொழில் சட்டமும் வந்துச்சு. ஒண்ணு மீனப் பத்தி, இன்னொண்ணு மரத்தப் பத்தி, ரெண்டும் ஒரே ஓடையப் பத்திதான் பேசுதுங்கிறது எல்லாருக்கும் ஒறைக்க இன்னும் பத்து பதிமூணு வருஷம் ஆச்சு. போல்ட் தீர்ப்புக்குப் பின்னாடி நிஸ்குவாலி பூர்வகுடி ஆளு பில்லி ஃபிராங்க் ஜூனியர் மாதிரி ஆளுங்களோட போராட்டம் இருக்கு, சொந்த ஆத்துல வல போட்டதுக்கு 14 வயசுல, 1945-ல, மொத தடவ கைதானவரு, அப்புறம் அம்பது தடவைக்கு மேல. அவரே பின்னாடி மரக் கம்பெனிக்காரங்களோட ஒரே டேபிள்ல உக்காந்தாரு, 1987-ல டிம்பர், ஃபிஷ், வைல்ட்லைஃப் ஒப்பந்தம் வந்துச்சு. கோர்ட்டுக்குப் போயிட்டே இருக்கிறத வுட்டுட்டு காட்டுக்குள்ள ஒண்ணா நடந்து போயி பேசி முடிப்போம்ங்கிறதுதான் அதோட சாரம்.

1999 மார்ச்ல, சியாட்டில் பக்கத்துக் கடல் பகுதியான புஜெட் சவுண்டோட சினூக் வகை சால்மன் அழிவு அபாயப் பட்டியல்ல ஏறுச்சு. மத்திய அரசு சட்டம் தலைக்கு மேல தொங்குனதும் எல்லாருக்கும் அவசரம், அதே வருஷம் மரம் வெட்டுற விதிய மீனுக்காக மாத்துற ஒப்பந்தமா ஃபாரஸ்ட்ஸ் அண்ட் ஃபிஷ் அறிக்கையும் சட்டமும் வந்துச்சு. சுற்றுச்சூழல் அமைப்புங்க பேச்சுவார்த்தை நடுவுலயே இது பத்தாதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க, அந்தக் கசப்பு இன்னிக்கும் மீட்டிங் ரூம்ல உக்காந்திருக்கும். 2006-ல இத வெச்சு மத்திய அரசு 50 வருஷத்துக்கு ஒரு வாழிடப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அனுமதி குடுத்துச்சு, 93 லட்சம் ஏக்கர் தனியார், மாநிலக் காடு அதுக்குள்ள வருது. இந்த விதிப்படி நடந்தா கம்பெனி மேல அழிவு அபாய உயிரினச் சட்டத்துல கேஸ் வராது. பதிலுக்கு கம்பெனிங்க ஒண்ணு ஒத்துக்கிட்டாங்க. விதி சரியா வேல செய்யுதான்னு அளந்து பாப்போம், செய்யலன்னா மாத்துவோம்னு. இந்த ஒரு வரிதான் என் சம்பளமே.

ஓடைகள நாலு வகையாப் பிரிக்கிறோம். பெரிய ஆறு ஒண்ணு, மீன் வாழ்ற ஓடை ஒண்ணு, மீன் இல்லாம வருஷம் பூரா தண்ணி இருக்கிறது ஒண்ணு, மீனும் இல்லாம மழைக்கு மட்டும் ஓடுறது ஒண்ணு. கேஸ்கேட் மலைக்கு மேற்குப் பக்கம் மீன் வாழ்ற ஓடைன்னா ரெண்டு கரையிலயும் 50 அடி வரைக்கும் மரத்துல கையே வெக்கக் கூடாது, அதுக்கு வெளியிலயும் கட்டுப்பாடு இருக்கு. மீன் இல்லாத நிரந்தர ஓடைன்னா 1999 ஒப்பந்தத்துல பேசி முடிச்ச அளவு 50 அடி, அதுவும் நீளத்துல பாதிக்கு வுட்டாப் போதும், மீதிப் பாதியில கரை வரைக்கும் வெட்டிக்கலாம், மெஷின் மட்டும் 30 அடி தள்ளி நிக்கணும்னு அப்போ முடிவாச்சு. மழைக்கு மட்டும் ஓடுறதுக்கு பஃபரே, அதாவது கரையில வெட்டாம வுடுற மரப் பட்டையே, கெடையாது. அப்போ மேப்ல ஒரு கோடு நூறு அடி மேல போச்சா கீழ வந்துச்சாங்கிறதுலயே எவ்ளோ மரம், எவ்ளோ பணம்னு பாத்துக்கோங்க.

அந்தக் கோட்ட எப்படிப் போடுறது? சரிவு 16 சதவீதமோ அதுக்குக் கம்மியோ, அகலம் 2 அடியாவது இருந்தா மேற்குப் பக்கம் அத மீன் ஓடைன்னே வெச்சுக்கணும். இல்ல, மீன் இல்லன்னு நிரூபிக்கிறேன்னா முதுகுல பேட்டரி மாட்டிட்டு தண்ணியில லேசா கரண்ட் வுட்டுத் தேடலாம், மார்ச் 1-ல இருந்து ஜூலை 15 வரைக்கும்தான். (நம்ம ஊர்ல கரண்ட் போட்டு மீன் புடிச்சா கேஸு, இங்க பர்மிட் வாங்கிட்டுப் பண்றோம், ஊருக்குப் போன் பண்ணி இதச் சொன்னப்போ மாமா நம்பவே இல்ல.) இதுல ஒரு சிக்கல், கீழ ஒரு கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கு அடியில ஓடை போற குழாய், அந்தரத்துல தொங்கிட்டு மீன் ஏற முடியாம இருந்துச்சுன்னா மேல எத்தன நாள் தேடுனாலும் கெடைக்காது. அதுக்குன்னு அது மீன் வாழ்ற எடம் இல்லன்னு ஆகிடுமா? சரி பண்ணா மீன் வரக்கூடிய எடமும் மீன் வாழிடம்தான்னு சட்டமே சொல்லுது, ஆனா ஃபார்ம்ல கையெழுத்து போடுற நேரத்துல அது பல பேருக்கு மறந்துடும்.

எனக்கே ஒரு தடவ பெரிய தப்பு நடந்துச்சு. மொத வருஷம், ஆகஸ்ட் கடைசி, வில்லப்பா மலைப் பக்கம். ஓடைத் தடம் காஞ்சு கெடக்கு, கல்லு மேல பாசி பொடிப்பொடியா உதிருது, நான் மழை ஓடைன்னு எழுதிட்டு சாப்பாட்டு டப்பாவத் தொறந்துட்டேன். கூட வந்த பூர்வகுடி அமைப்போட உயிரியலாளர் அம்மா ஒருத்தங்க, என்ன வுட இருவது வயசு பெரியவங்க, "மேல நடந்து பாத்தியா"ன்னு மட்டும் கேட்டாங்க. பாக்கல. முன்னூறு அடி போல ஏறியிருப்போம், தண்ணிச் சத்தம். மேல ஓடிட்டு வந்த தண்ணி கல்லுக்குள்ள பூந்து அடியில போயிட்டு இருந்திருக்கு. அவங்க ஒரு கல்ல மெதுவாப் பொரட்டுனாங்க, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு சாலமண்டர், முதுகு தவிட்டு நெறம், வயிறு மஞ்சள். கல்ல அப்படியே திரும்ப வெச்சாங்க. விதிப்படி மேல நிரந்தரத் தண்ணி ஆரம்பிக்கிற எடத்துக்குக் கீழ நடுவுல காஞ்சு கெடந்தாலும் அது நிரந்தர ஓடைதான், அந்த வரிய நான் படிச்சிருந்தேன், மனப்பாடமா சொல்லுவேன், ஆனா பசி. அந்த முன்னூறு அடி நடக்காம வந்திருந்தா ரெண்டு கரையும் மொட்டையாகியிருக்கும், யாரும் என்னக் கேட்டிருக்கவும் மாட்டாங்க.

மீனே இல்லாத ஓடைய இவ்ளோ பாக்கணுமான்னா, கீழ போற தண்ணி மேல இருந்துதானே வருது. மேல சூடானா கீழ சூடு. இந்த மாநிலத்துல ஓடுற ஓடை நீளத்துல பெரும்பகுதி இந்த மாதிரி சின்ன ஓடைதான். பாதி நீளத்துக்கு 50 அடி வுட்டா போதுமாங்கிறதப் பாக்க 17 ஓடைய எடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க, 2006-ல வெட்டுறதுக்கு முன்னாடியே அளக்க ஆரம்பிச்சு, 2008, 2009-ல வெட்டி, அப்புறமும் அளந்து, மொத அறிக்கை வந்தது 2018-ல. தண்ணி சூடாச்சு. மனுஷன் பண்ற வேலையால 0.3 டிகிரிக்கு மேல ஏறுனாலே மாநில நீர்த் தர விதியில அது கணக்குல வரும், அதத் தாண்டிடுச்சு. சரி மாத்திடலாம்ல? அங்கதான் ஆரம்பிச்சது. அது கெட்டிப் பாறை ஓடை, மத்த பாறைக்குப் பொருந்துமா, கொஞ்ச வருஷத்துல நெழல் திரும்ப வந்துடும்ல, கீழ போகும்போது ஆறிடாதா, இன்னொரு ஆய்வு முடியட்டுமேன்னு. கேள்வி எல்லாம் நியாயமான கேள்விதான், நானே சிலத கேட்டிருக்கேன். ஆனா ஒண்ண கவனிச்சேன், எவ்ளோ நாள் இழுக்குதோ அவ்ளோ நாளும் பழைய விதிதான் ஓடும், வெட்டு நடந்துட்டே இருக்கும். சந்தேகத்தோட பலன் எப்பவும் ஒரே பக்கத்துக்குத்தான் போகுது. நெழல் குடுக்குற மாதிரி மரம் வளர வருஷக்கணக்காகும், முழு ஆதாரம் கையில வந்ததுக்கப்புறம் மாத்துறது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

எல்லாப் பழியும் மரக்காரங்க மேல போடவும் எனக்கு மனசு வரல. பெரிய கம்பெனிங்க காட்டு ரோட்ட சரி பண்றதுல நெஜமாவே காசு எறக்கியிருக்காங்க, மீன் ஏற முடியாத கல்வெர்ட் ஆயிரக்கணக்குல மாத்தியிருக்காங்க. மாநிலத்தோட சொந்த ஹைவே கல்வெர்ட்டுக்கு 2001-ல பூர்வகுடிகள் கேஸ் போட்டு 2018-ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க 4-க்கு 4-ன்னு சமமாப் பிரிஞ்சு கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்னதுக்கப்புறம்தான் வேகம் வந்துச்சு, அதோட ஒப்பிட்டா காட்டுக்காரங்க தேவலாம்.

சின்ன நெலக்காரங்க கதை வேற. ஒரு தாத்தா, 30 ஏக்கர், ஓடைக்கரையில அப்பா காலத்து செடார் மரங்க. "பக்கத்துக்காரன் இருவது வருஷம் முன்னாடி எல்லாத்தையும் வெட்டிக் காசாக்கிட்டான், வெட்டாம வெச்சிருந்த எனக்குத்தான் இப்போ தண்டனையா"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. அப்படி வுடுற மரத்துக்கு மாநிலம் நஷ்டஈடு குடுத்து 50 வருஷ ஒப்பந்தம் போடுற திட்டம் இருக்கு, 2003-ல இருந்து சின்னக் குடும்பங்களோட கல்வெர்ட்ட மாத்திக் குடுக்கவும் ஒரு திட்டம் இருக்கு, ரெண்டுக்கும் காத்திருக்கிற வரிசை நீளம். நஷ்டஈட்டுக்குப் பணம் ஒதுக்காம பஃபர மட்டும் அகலமாக்குன்னு பேசுற எங்க பக்கத்து ஆளுங்களோட எனக்கு இதுல சண்டை உண்டு.

நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம். டுவால், மன்றோ, நார்த் பெண்ட் பக்கம் கொஞ்சம் நெலத்தோட வீடு வாங்குறவங்க இப்போ நெறைய. பின்னாடி ஒரு குறுகலான ஓடை இருந்தா சாக்கடைன்னு நெனச்சு புதர வெட்டி புல்தரை போட்டுடாதீங்க, மொதல்ல கவுண்ட்டியில கேளுங்க, கோடையில காஞ்சிருந்தா மேல கொஞ்சம் நடந்து பாத்துட்டுக் கேளுங்க.

அப்புறம் இந்த மரம் வெட்டுற விதிய முடிவு பண்ற ஃபாரஸ்ட் பிராக்டிசஸ் போர்டு, 13 பேர், பொதுவா பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்ல கூடுவாங்க, யார் வேணும்னாலும் எந்திரிச்சு சில நிமிஷம் பேசலாம். மரக் கம்பெனி வருவாங்க, பூர்வகுடிகள் வருவாங்க, நாங்க வருவோம், லாக்ஸ்ல போட்டோ எடுத்த ஒருத்தர்கூட இதுவரைக்கும் வந்து நான் பாத்ததில்ல. எச்1பி-ல இருக்கோமேன்னு தயங்க வேண்டாம், அங்க யாரும் விசா கேக்கிறதில்ல, பேரும் ஊரும்தான் கேப்பாங்க.