அனல் மின் நிலையப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு: எந்த நிலையத்துக்கு எவ்வளவு வரம்பு?

நிலக்கரி அனல் மின் நிலையங்கள் எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடை வெளியிடலாம் என்பதற்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர் 7 அன்று வரம்பு விதித்தது. ஒரு நிலையத்தில் தனித்தனியாக இயங்கும் மின் உற்பத்திப் பிரிவான அலகு எந்த ஆண்டு நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். 2003 வரை வந்தவற்றுக்கு ஒரு கனமீட்டர் புகையில் 600 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை வந்தவற்றுக்கு இப்போது 450. 2017 முதல் வந்தவற்றுக்கு 100.

வட சென்னை அனல் மின் நிலையத்தில் இந்த மூன்றும் உண்டு. 1990-களில் வந்த முதல் நிலைக்கு 600, 2013-14-இல் வந்த இரண்டாம் நிலைக்கு 450, 2024-இல் தொடங்கிய மூன்றாம் நிலைக்கு 100. சுற்றியுள்ள மக்கள் சுவாசிப்பதோ ஒரே காற்றை.

450 என்பது முதலில் 300 ஆக இருந்தது. மின் உற்பத்தியைக் குறைத்து ஓட்டும் நேரங்களில் 300-க்குள் நிற்க முடியவில்லை என்று நிலையங்கள் சொன்னதால், 2020 அக்டோபரில் தளர்த்தினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. பர்னரை மாற்றி, காற்றைப் படிப்படியாக விட்டு எரிப்பது முதல் வழி. அதற்கு மேலும் குறைக்க, வினையூக்கி இல்லாமலே ஒரு முறை இருக்கிறது: கொதிகலனின் மேற்பகுதியில் யூரியா கரைசலையோ அம்மோனியாவையோ பீய்ச்சுவது. 850 முதல் 1100 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் அது நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். வெப்பம் குறைந்தால் அம்மோனியா வினைபுரியாமல் புகையோடு போய்விடும். கூடினால் அம்மோனியாவே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும். அதனால் உற்பத்தி ஏறி இறங்கும்போது பீய்ச்சும் உயரத்தையும் மாற்ற வேண்டும். பல மட்டங்களில் பீய்ச்சுகுழல் வைத்தால் அது முடியும். பெரிய கொதிகலன்களில் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். வினையூக்கி முறையில் 80 சதவீதத்துக்கு மேல் குறையும் என்றாலும், நம் நிலக்கரியின் சாம்பல் வினையூக்கியை அரித்துவிடும். செலவும் மிக அதிகம். 100 என்ற வரம்பை எட்ட மட்டும் பெரும்பாலும் அது தேவைப்படும்.

2025 ஜூலையில் பல நிலையங்களுக்குக் கிடைத்த விலக்கு கந்தக டை ஆக்சைடுக்கு மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு அப்படியே இருக்கிறது.

உங்கள் ஊர் நிலையத்தின் அளவீடுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். அலகு வாரியாக, 6 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திய அளவை, அதாவது புகையில் 6 சதவீத ஆக்சிஜன் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்ட அளவைக் கேளுங்கள். காற்று கலந்து நீர்த்த புகையின் அளவை வரம்போடு ஒப்பிட முடியாது.