சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

இரவு பதினொன்றரைக்கு ஒரு போன். எட்டு மாதக் குழந்தை, சளி பிடித்து நான்காவது நாள், முந்தாநாள்தான் என்னிடம் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். “சாயங்காலத்துல இருந்து ஒரே அழுகை டாக்டர், மூச்சு கொர்ருகொர்ருன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, இப்பத்தான் அழுகையை நிறுத்திட்டுத் தூங்குறான், காலையில கூட்டிட்டு வரட்டுங்களா?” என்றார் அந்த அம்மா. குரலில் பதற்றம் இல்லை, அலுப்புதான் இருந்தது. எனக்குத்தான் பதற்றம் வந்தது.

பால் குடித்தானா என்று கேட்டேன். ரெண்டு வாய் குடித்து விட்டுவிட்டானாம். ஒன்றுக்குப் போனது மத்தியானத்தோடு சரி. லைட்டைப் போட்டு, சட்டையைத் தூக்கி, நெஞ்சைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “விலாவுக்குக் கீழ பள்ளம் விழுதுங்க டாக்டர்” என்றார். அரை மணி நேரத்தில் குழந்தை வந்து சேர்ந்தான். நிமிடத்துக்கு 72 மூச்சு, ஆக்சிஜன் அளவு 84. அவன் தூங்கவில்லை, மூச்சு இழுத்து இழுத்து ஓய்ந்துபோயிருந்தான். ஆக்சிஜன், மூக்கு வழியாகக் குழாயில் பால், ஐந்து நாள் வார்டு, பிறகு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். காலையில் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே எழுத மனசு வரவில்லை.

இத்தனை வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: பெற்றோர் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள், சத்தம் அடங்கினால் நிம்மதி ஆகிவிடுகிறார்கள். காற்று உள்ளே போய் வந்தால்தானே சத்தம் வரும்? நன்றாக அழுகிற, தொண்டை கிழிய இருமுகிற குழந்தைக்கு அதற்கான தெம்பு இன்னும் இருக்கிறது. கொர்ரென்று இழுக்கிறது என்று தூக்கிவரும் குழந்தைகளில் பாதிப்பேருக்கு மூக்கடைப்புதான் இருக்கும், உப்புத்தண்ணீர் சொட்டு விட்டால் அடங்கிவிடும். சுவாசக்குழாய் சுருங்கிச் சுருங்கி காற்றே நுழையாத நிலை வந்துவிட்டால் வீசிங் சத்தம் நின்றுபோகும். ஸ்டெத்தாஸ்கோப் வைத்தால் எங்களுக்கும் ஒன்றும் கேட்காது, எங்களை அதிகம் பயமுறுத்துவதே அந்த மௌனம்தான்.

அதனால் காதை விடுங்கள், கண்ணால் பாருங்கள். குழந்தை அழாமல் மடியிலோ தூக்கத்திலோ இருக்கும்போது சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு, போனில் டைமர் வைத்து ஒரு நிமிடம் முழுசாக வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், கைக்குழந்தைகள் சீராக மூச்சு விடுவதில்லை. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது, கிராம சுகாதார செவிலியர் கேட்டாலும் இதையேதான் சொல்வார். காய்ச்சல் அடித்தாலும் எண்ணிக்கை கூடும் என்பதால் காய்ச்சல் இறங்கியதும் ஒருமுறை திரும்ப எண்ணுங்கள்.

ஆனால் விலாவுக்குக் கீழே குழி விழுவதைக் காய்ச்சலின் தலையில் கட்ட முடியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அதற்குப் பதிலாக நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே போனால், கழுத்துக்குழி உள்வாங்கினால், மூக்கு விடைத்து விடைத்து அடங்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடினால், மூச்சை விடும்போது ‘ம்ம்… ம்ம்’ என்று முனகினால், எண்ணிக்கொண்டே உட்காராதீர்கள், கிளம்புங்கள். பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, வலிப்பு வந்தது என்றாலும் அப்படித்தான். பெரிய குழந்தையாக இருந்தால் பேசச் சொல்லுங்கள், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் வார்த்தை வார்த்தையாக நிறுத்துகிறதா என்று பாருங்கள்.

நீலம் பாரிப்பது பற்றி ஒன்று. நம் தோல் நிறத்துக்கு முகத்தில் நீலம் சுலபத்தில் தெரியாது, நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும்தான் பார்க்க வேண்டும். அதுவும் கடைசியில் வருகிற அறிகுறி, அது வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்கள் விரலுக்கான கிளிப் பச்சைக்குழந்தையின் விரலில் சரியாக உட்காராது, போதாததற்குக் கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். மெஷின் 97 என்கிறது, நெஞ்சில் பள்ளம் விழுகிறது என்றால் நெஞ்சை நம்புங்கள்.

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பிறந்த குழந்தை சில விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி விடுவது இயல்புதான், ஆனால் 20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறினாலோ, துவண்டாலோ, உடனே மருத்துவமனைதான். குறைப்பிரசவக் குழந்தைகளும் இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளும் எனக்கு எப்போதும் முதல் வரிசை.

அந்த எட்டு மாதக் குழந்தைக்கு வந்தது பிராங்கியோலைட்டிஸ். ஆர்எஸ்வி போன்ற வைரஸ்களால் நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுவது, இரண்டு வயதுக்குள்தான் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் இரண்டு நாள் சாதாரண ஜலதோஷம் மாதிரியே இருந்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். “முந்தாநாள்தானே டாக்டர்கிட்ட காட்டினோம், ஒண்ணுமில்லைன்னாரே” என்று வீட்டில் காத்திருப்பது அதனால்தான். நான் ஒன்றுமில்லை என்று சொன்னது அன்றைக்குப் பார்த்ததை வைத்து. அந்த வார்த்தைக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்று இப்போதெல்லாம் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

இனி மல்லாட்டை கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வோம். இரண்டு வயதுப் பெண் குழந்தை, மூன்று வாரமாக வீசிங் என்று இரண்டு மூன்று இடத்தில் நெபுலைசர் வைத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, எக்ஸ்ரேயும் நார்மல் என்று கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இடது பக்கம் காற்று நன்றாகப் போகிறது, வலது பக்கம் மந்தம். “ஏதாவது சாப்பிடும்போது திடீர்னு புரையேறுச்சா?” என்றேன். அம்மா இல்லை என்றார். பின்னால் நின்ற ஆயாதான், “மல்லாட்டை காயவெச்ச அன்னிக்கு ஒருக்கா இருமி இருமிக் கண்ணெல்லாம் செவந்துச்சே, அப்புறம் சரியாயிருச்சு” என்றது. சரியாகவில்லை, பருப்பு தொண்டையிலிருந்து இறங்கி வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போகும். நிலக்கடலைப் பருப்பு எக்ஸ்ரேயில் தெரியாது. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, பிராங்கோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது, செய்து அரைப் பருப்பை எடுத்தார்கள். ஆகவே நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி இருமல் வந்தால், அது அடங்கிப்போனாலும் மருத்துவரிடம் அந்த நிமிடத்தைச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். நான்கு வயது வரை முழு நிலக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை எதுவும் கைக்கு எட்ட வேண்டாம்.

அடைத்துக்கொண்ட அந்த நேரத்தில், குழந்தை பலமாக இருமினால் இருமட்டும், தட்டாதீர்கள். இருமலும் வரவில்லை, அழுகையும் வரவில்லை என்றால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் 5 அழுத்தம், பொருள் வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி, மேல்நோக்கி 5 அழுத்தம். நினைவு தப்பினால் உடனே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு ஊதும் முதலுதவி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும்.

இதில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு, தொக்கம். சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லி எடுக்கிற நாட்டு வைத்தியம் அது. குழந்தை இருமுகிறது, சாப்பிடவில்லை என்றால் தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோகிறார்கள், அவர் ஊதி உறிஞ்சி எதையோ எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பருப்புக் குழந்தைக்கும் ஒரு தடவை எடுத்திருந்தார்கள், ‘வந்திருச்சு’ என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்த்தால் வலிப்பு வரக்கூடும். சாம்பிராணிப் புகை வாசனைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இழுக்கிற குழந்தைக்கு ஆகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போனது 2025-ல்தான். சுத்தமான சிரப்பாகவே இருந்தாலும் மூச்சுத்திணறலுக்கு அது மருந்தில்லை.

ஆஸ்துமா குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பம்பு பழகிவிடும் என்று பயந்து, ராத்திரி இழுப்பு வந்தால் சிரப்பைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்க்கிறார்கள். சிரப் வேலை செய்ய நேரமாகும், கைநடுக்கமும் படபடப்பும்தான் அதிகம் வரும். சல்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசரும் (பம்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய்) மாஸ்க்கும் வைத்து, உங்கள் மருத்துவர் எழுதிய அளவில் கொடுங்கள். குறையவில்லை, அல்லது குறைந்து சீக்கிரமே திரும்ப வந்தது என்றால், கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சளி இல்லை, இருமல் இல்லை, நெஞ்சில் சத்தமும் இல்லை, ஆனால் குழந்தை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது. கூடவே சில நாட்களாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது, படுக்கையை நனைக்கிறது, மெலிந்திருக்கிறது என்றால் அது நுரையீரல் சமாச்சாரமே இல்லாமல் இருக்கலாம். முதல் வகை சர்க்கரை நோய் முற்றி, ரத்தத்தில் அமிலம் கூடி வாங்கும் மூச்சு அது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டோம்.

கிளம்பும்போது 108-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும். வர நேரமாகும் என்றால் இருக்கிற ஆட்டோவிலோ காரிலோ பக்கத்தில் ஆக்சிஜன் உள்ள முதல் மருத்துவமனைக்கு, அது அரசு மருத்துவமனையாகவே இருக்கட்டும், போய்விடுங்கள். பெரிய ஊர் டாக்டர்தான் வேண்டும் என்று நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டாம். மூச்சை நிலைப்படுத்தி அங்கிருந்து மாற்றுவார்கள். குழந்தையைப் படுக்க வைக்காமல் அது விரும்புகிற மாதிரி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நாய் குரைக்கிற மாதிரி இருமலோடு, மூச்சை இழுக்கும்போது தொண்டையில் விசில் மாதிரி சத்தம் வரும் குழந்தையை அழவைக்கவே கூடாது, அழுதால் அடைப்பு கூடும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கவும் வேண்டாம். மூச்சு வாங்கும் குழந்தைக்கு வழியில் பாலோ தண்ணீரோ புகட்டாதீர்கள். அதுவரை கொடுத்த மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

போனதும் வரிசையில் உட்காராதீர்கள். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நடந்தது என் கிளினிக்கில். பனிக்காலம், ஹால் முழுக்கக் கூட்டம். டோக்கன் 14 வாங்கிக்கொண்டு ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்திருந்தார், போர்வையில் சுற்றின ஆறு மாதக் குழந்தை. அழவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை, முக்கால் மணி நேரம். உள்ளே வந்ததும் போர்வையை விலக்கினால் 76 மூச்சு. பிழைத்துவிட்டது. “ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்று கத்திவிட்டேன். “எல்லாரும் வரிசையில இருக்காங்களே டாக்டர்” என்றார். அன்று ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை. இப்போது டோக்கன் கொடுக்கிற பெண் முதலில் ஒவ்வொரு குழந்தையின் சட்டையையும் தூக்கிப் பார்க்கிறார், அப்புறம்தான் பெயர் எழுதுகிறார்.