இரண்டு நானோ செகண்டை யார் சேர்ப்பது?

"லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்ததிலிருந்து என் சிறு கணினிப் போர்டில் நெட் வரவில்லை. கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஐபி முகவரிதான் கிடைக்கவில்லை. போர்டு போய்விட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போயிருக்காது என்றே நினைக்கிறேன். இரண்டு நானோ செகண்ட் தாமதம் எங்கோ தொலைந்திருக்கும்.

இத்தகைய போர்டுகளில் கேபிளோடு பேசும் 'ஃபை' சிப் ஒன்று, பிராசசருக்குள் தரவைப் பொட்டலங்களாக்கிக் கையாளும் 'மேக்' பகுதி ஒன்று. இவற்றை இணைப்பது ஆர்ஜிஎம்ஐஐ (RGMII) என்ற கம்பித் தொகுப்பு. ஒவ்வொரு திசைக்கும் நான்கு தரவுக் கம்பிகள், ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி, தரவை எப்போது படிப்பது என்று தாளம் போடும் ஒரு கடிகாரக் கம்பி. கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ். அது ஏறும்போதும் இறங்கும்போதும் தரவு போகும். ஆக, நொடிக்கு 1000 மெகாபிட்.

ஒரு சுற்று 8 நானோ செகண்ட் என்றால், ஒவ்வொரு பிட்டும் கம்பியில் இருப்பது வெறும் 4 நானோ செகண்ட். அனுப்பும் சிப் தரவையும் கடிகாரத்தையும் ஒரே கணத்தில் மாற்றுகிறது. பெறுகிற சிப் அந்தக் கணத்திலேயே படித்தால் பழைய பிட்டா, புதிய பிட்டா என்று தெரியாது. ஓடுகிற பேருந்தில் ஏறுகிற கதைதான். அதனால் கடிகாரத்தை மட்டும் சுமார் 2 நானோ செகண்ட் பிந்தவிட வேண்டும். அப்போது அதன் விளிம்பு பிட்டின் நட்டநடுவில் விழும்.

ஆரம்பத்தில் இந்தத் தாமதத்துக்குச் செம்புத் தடத்தின் நீளத்தையே நம்பினார்கள். போர்டில் மின்குறிப்பு ஒரு நானோ செகண்டில் ஏறக்குறைய 15 செ.மீ. போகும். அப்படியானால் கடிகாரத் தடம் மட்டும் 30 செ.மீ. கூடுதலாக வளைந்து நெளிந்து ஓட வேண்டும். உள்ளங்கை அளவு போர்டில் அதற்கு இடமேது? எனவே தாமதம் சிப்புக்குள் போனது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. மேக், ஃபை இரண்டுமே தலா 2 சேர்த்தால் 4 ஆகிவிடும். கடிகாரம் அடுத்த மாற்றத்தின் மேலேயே போய் விழும். யாருமே சேர்க்காவிட்டால் வருகிற அதே கோளாறு!

அதனால் யார் சேர்ப்பது என்பதை, போர்டில் எது எப்படி இணைந்திருக்கிறது என்று கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பு சொல்கிறது. வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்றால் தாமதம் தடத்திலேயே இருக்கிறது என்று பொருள். 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி' என்றால் இரு திசைக்கும் உள்ளே சேர்க்க வேண்டும், லினக்ஸ் வழக்கப்படி ஃபை சேர்க்கும். ஆனால் ரியல்டெக் ஆர்டிஎல்8211இ என்ற ஃபை சிப்பை இயக்கும் லினக்ஸ் டிரைவர், தாமத அமைப்பைச் சிப்பின் தவறான பிட்டுகளில் எழுதிக்கொண்டிருந்தது. கோப்பில் என்ன இருந்தாலும், போர்டிலுள்ள மின்தடைகள் தீர்மானித்த இயல்பு அமைப்பே செல்லுபடியானது. 2020ல் அந்தப் பிழையைத் திருத்தினார்கள். உடனே, கோப்பில் தவறாக 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று எழுதியிருந்த ஆல்வின்னர் பிராசசர் கொண்ட பல போர்டுகளில் நெட் போனது.

"ஓடுகிறதைத் தொடாதே" என்பார்கள். அது பொறியியல் அல்ல, சகுனம் பார்ப்பது. எதனால் ஓடுகிறது என்று எழுதி வைக்காத இயல்பு அமைப்பு என்றைக்காவது காலை வாரும்.

சரி, வாசகர் செய்ய வேண்டியது: ஈத்டூல் (ethtool) என்ற லினக்ஸ் கட்டளையைக் கொண்டு வேகத்தை 100 மெகாபிட்டுக்கு இறக்குங்கள். அங்கே கடிகாரச் சுற்று 40 நானோ செகண்ட், இரண்டு நானோ செகண்ட் தப்பினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 100ல் ஓடி 1000ல் நின்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. டிவைஸ் ட்ரீயில் 'ஐடி' சேர்த்துப் பாருங்கள்.