ஃபுட் டிரக் என்பதற்குத் தமிழ்: வண்டிக்கடை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களின் சாலையோரங்களில் பொழுது சாய்ந்தபின் வந்து நின்று, பக்கவாட்டுக் கதவை மேல்நோக்கித் திறந்து தாழ்வாரமாக்கிக்கொண்டு வணிகம் செய்யும் சிறிய சரக்கு வண்டிகளின் நெற்றியில் ‘ஃபுட் டிரக்’ என்ற சொல் தமிழ் எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அச்சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்பவர்களுக்கு உணவு ஊர்தி, நடமாடும் உணவகம், உணவு வாகனம் எனப் பல விடைகள் கிடைக்கின்றன. அவற்றுள் எது பொருந்தும் என்று தெளிவதற்கு முன், மூலச்சொல் எதைக் குறிக்கிறது என்பதையும், அதே தொழிலுக்குக் காவிரிப் படுகையில் முன்பே என்னென்ன பெயர்கள் வழங்கின என்பதையும் பார்க்க வேண்டும்.

உணவைச் சமைப்பதற்கான அடுப்பும் கலங்களும் தன்னகத்தே அமைந்த, நின்ற இடத்திலேயே சமைத்து விற்கக்கூடிய, வேண்டும்போது வேறிடத்துக்கு ஓட்டிச் செல்லத்தக்க மோட்டார் வண்டியே ஃபுட் டிரக். வேறிடத்தில் சமைத்த பொட்டலங்களைக் கொண்டுவந்து வழங்கும் வண்டி இதில் அடங்காது. சக்கரம் இருந்தும் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட பெட்டிக்கடையும் அடங்காது.

‘டிரக்’ என்னும் ஆங்கிலச் சொல் முதலில் சிறிய சக்கரத்தையே குறித்தது. பீரங்கி வண்டிகளின் உருளைகளுக்கு அப்பெயர் இருந்தது. கிரேக்க மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் ‘திரோகோஸ்’ என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. சக்கரத்தின் பெயர் பாரமேற்றும் வண்டிக்கு ஆகி, பின்னர் இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிக்கும் ஆனது. அதே எழுத்துகளால் அமைந்த இன்னொரு ‘டிரக்’ ஆங்கிலத்தில் உண்டு. அது பிரெஞ்சிலிருந்து வந்த, பண்டமாற்று என்று பொருள்படும் வேறு சொல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வணிகம் என்ற பொருளே இப்பெயரில் இருப்பதாகக் கொள்வது பிழை.

அமெரிக்காவில் 1866-ஆம் ஆண்டு சார்லஸ் குட்நைட் என்பவர் மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்வோருக்காகப் படைத்துறைப் பாரவண்டி ஒன்றைச் சமையல் வண்டியாக மாற்றியமைத்தார். 1872-இல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவை வைத்துக்கொண்டு, இரவுப் பணி செய்யும் செய்தித்தாள் ஊழியர்களுக்கு விற்றார். இன்றைய பொருளில் இச்சொல் உலகெங்கும் பரவியதற்குக் காரணம், 2008-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராய் சோய் முதலியோர் தொடங்கிய வண்டி; கொரிய இறைச்சியை டாக்கோ என்னும் மெக்சிகோ நாட்டு மடித்த ரொட்டியில் வைத்து விற்ற அவர்கள், வண்டி எங்கு நிற்கும் என்பதை இணையத்தில் அறிவித்தே கூட்டத்தைச் சேர்த்தார்கள். இரு நாட்டுச் சமையலை ஒரே தட்டில் சேர்க்கும் துணிவும் இப்பெயரோடு ஒட்டிக்கொண்டது அதன்பிறகுதான்.

நம் பகுதியில் இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் சிறிய சரக்கு வண்டிகளின்மேல் கட்டப்படுகின்றன. 2005-இல் விற்பனைக்கு வந்த டாடா ஏஸ் வண்டிக்கு மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டார்கள். நிறுவனம் வைத்த பெயரைத் தள்ளிவிட்டுத் தாமே ஒரு பெயர் சூட்டும் இந்த ஆற்றலை நம்பித்தான் தமிழ்ச்சொல் தேட வேண்டும்.

முன்மொழியப்பட்ட சொற்களுள் ‘ஊர்தி’ மிகப் பழமையானது. புறநானூறு ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று, ஓட்டுநர் செலுத்தாமல் வானில் செல்லும் ஊர்தியைப் பாடுகிறது. ஆனால் ‘உணவு ஊர்தி’ என்னும்போது, வெள்ள நாளில் பொட்டலம் கொண்டுவரும் வண்டியும், கிடங்குக்கு நெல் ஏற்றிச் செல்லும் லாரியும்கூட அப்பெயருக்குள் வந்துவிடுகின்றன. சமைத்து விற்பது என்ற உயிர்க்கூறு விடுபட்டுப் போகிறது. ‘நடமாடும் உணவகம்’ பொருளளவில் சரியானது. நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை என்ற வரிசையில் அலுவலகக் கடிதங்களில் இயல்பாக அமர்கிறது. எனினும் கடைக்காரரோ வாடிக்கையாளரோ அதை வாயால் சொல்லிக் கேட்பது அரிது. ‘நடமாடும் உணவகத்தில் இரண்டு தோசை வாங்கி வா’ என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் சொல்வதில்லை.

சொல்வது ‘வண்டிக்கடை’ என்றுதான். ‘வண்டிக்கடை இட்லி’, ‘ரோட்டுக்கடைத் தோசை’, ‘தள்ளுவண்டிச் சுண்டல்’ ஆகியவை படுகை மாவட்டங்களில் நாள்தோறும் புழங்கும் தொடர்கள். வண்டியே கடை, அல்லது வண்டியில் அமைந்த கடை என இச்சொல் விரியும். வண்டியைக் கையால் தள்ளினாலும் மிதித்து ஓட்டினாலும் மோட்டாரால் ஓட்டினாலும் பொருந்தும்; வேறுபடுத்த வேண்டுமானால் தள்ளுவண்டிக்கடை, மோட்டார் வண்டிக்கடை என்று அடைகொடுத்துக்கொள்ளலாம்.

இதில் ‘கடை’ என்னும் பகுதி சற்று நின்று பார்க்கத்தக்கது. கடை என்றால் முடிவு, ஓரம், வாயில், அங்காடி என்று அகராதிகள் பொருள் தருகின்றன. ‘கடைத்தலை’ என்பது பழைய வழக்கில் தலைவாயில். வீட்டின் ஓரமாகிய வாயிலைக் குறித்த சொல்லும் விற்பனை செய்யும் இடத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வடிவில் இருப்பதற்குப் படுகையின் தெருக்களிலேயே விளக்கம் காணலாம். வாசல் திண்ணையை ஒட்டி அடுப்பு மூட்டி, காலையில் இட்லியும் ஆப்பமும், மாலையில் வடையும் போட்டு விற்கும் பெண்கள் இன்றும் பல தெருக்களில் இருக்கிறார்கள். வீட்டின் கடை அங்கே விற்பனைக் கடையாகிறது. அந்த அடுப்பு சக்கரத்தின்மேல் ஏறினால் வண்டிக்கடை. தொழிலின் வளர்ச்சி முழுவதையும் இந்த ஒரு கூட்டுச்சொல் தாங்கி நிற்பதால்தான் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

‘கையேந்தி பவன்’ என்னும் பெயரையும் சிலர் ஈடாகச் சொல்வதுண்டு. ‘பவனம்’ என்ற வடசொல் இல்லம், மாளிகை என்று பொருள்படும். வட இந்தியப் பாணியில் ‘பவன்’ எனக் குறுகி, தமிழ்நாட்டுச் சைவ உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் நிலைத்துவிட்டது. நாற்காலியும் மேசையும் இல்லாமல் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டு உண்ணும் இடத்துக்கு, அந்தப் பெரிய பவன்களுக்கு நிகராக மக்கள் வைத்த பெயர் இது. கையேந்துதல் இரத்தலைக் குறிக்கும் என்பதால் இப்பெயர் இழிவு என்று கருதுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஏந்துதல் என்பது தாங்கிப் பிடித்தல்; பெருமைக்குரிய தலைவனுக்கு ஏந்தல் என்று பெயர்; மழைநீரைத் தாங்கும் குளத்துக்கும் ஏந்தல் என்று பெயர். ஆயினும் இப்பெயர் உண்ணும் முறையைச் சொல்கிறதே தவிர வண்டியைச் சொல்லவில்லை. தரையில் நிலையாகக் கட்டிய கீற்றுக்கொட்டகையிலும் நின்றுகொண்டு உண்ணலாம் ஆதலால், ஃபுட் டிரக்குக்கு நேர் ஈடாக இதைக் கொள்வதற்கில்லை.

பழந்தமிழில் இத்தொழிலுக்கு இருந்த பெயர்கள் வண்டியையோ இடத்தையோ விட்டு மனிதரையே முன்னிறுத்துகின்றன. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரின் மருவூர்ப்பாக்கம் என்னும் பகுதியை வருணிக்கும் சிலப்பதிகாரம், மீனும் உப்பும் விற்போரோடு ‘காழியர் கூவியர்’ என்போரையும் எண்ணுகிறது. காழியர் பிட்டு விற்போர், கூவியர் அப்பம் சுட்டு விற்போர் என்பது உரை. அதே பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை எழும் முற்றத்தைக் காட்டுகிறது. மதுரைக்காஞ்சியில் ‘பல்வேறு பண்ணியம் தழீஇத் திரிவிலைஞர்’ என்றொரு தொடர் வருகிறது: பலவகைப் பண்டங்களை அணைத்துக்கொண்டு திரிந்து விற்பவர்கள். ‘திரிவிலைஞர்’ என்பதைக் காட்டிலும் செறிவான சொல் இடம்பெயரும் வணிகருக்குக் கிடைப்பது கடினம். ‘பண்ணியம்’ என்பது பண்ணப்பட்டது என்ற பொருளில் ‘பண்ணு’ என்னும் வினையை ஒட்டியது என்று கொள்வதுண்டு. தின்பண்டத்தைக் குறிக்கும் ‘பண்ணிகாரம்’ என்ற வடிவமும், நாம் இன்று குழியில் ஊற்றி எடுக்கும் பணியாரமும் இதன் உறவுகள். இரவுச் சந்தைக்கு ‘அல்லங்காடி’ என்ற பெயரும் அந்நூலிலேயே இருக்கிறது. மாலையில் தொடங்கி நள்ளிரவுவரை விளக்கொளியில் நிற்கும் வண்டிக்கடை வரிசைக்கு அல்லங்காடி என்று பெயரிடலாம், அழகாகவே இருக்கும்.

இனி, ‘ஃபுட் டிரக் உணவு’ என்று தனித்துச் சொல்லும் அளவுக்கு இதன் சமையல் ஏன் வேறுபடுகிறது என்பதும் சொல்லின் பொருளில் சேரும். இடம் குறைவு, அடுப்பு ஒன்றிரண்டு, தண்ணீர் அளவானது. இந்த மூன்று நெருக்கடிகளும் சேர்ந்தே புதுப்புதுப் பண்டங்களைப் பிறப்பிக்கின்றன. ஒரே தோசைக்கல்லில் தோசையும் முட்டையும் பரோட்டாவும் ஆகவேண்டும். ஒரே சால்னா மூன்று பண்டங்களுக்குத் தொட்டுக்கொள்ளப் பயன்பட வேண்டும். கொத்துப் பரோட்டாவைக் கவனித்தால் இது விளங்கும். கல்லில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதங்குகின்றன. முட்டை உடைத்து ஊற்றப்படுகிறது. அது முழுதும் இறுகுமுன் பிய்த்துப்போட்ட பரோட்டா விழுகிறது. ஒரு கரண்டி சால்னா அதன்மேல் சுற்றி ஊற்றப்படுகிறது. பிறகு, இரு கைகளிலும் பிடித்த இரும்புத் தகடுகள் மாறிமாறி இறங்கிக் கொத்துகின்றன. அப்போதுதான் சுட்ட பரோட்டாவைவிட ஆறிய பரோட்டாவே இதற்கு ஏற்றது. சூடானது சால்னாவில் குழைந்துவிடும், ஆறியது சாற்றை இழுத்துக்கொண்டும் துண்டு துண்டாக நிற்கும். ‘கொத்து’ என்ற வினைப்பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டதால், அடுத்தடுத்த புதுமைகளுக்குப் பெயர் வைப்பதும் எளிதாயிற்று: கொத்து இட்லி, கொத்து இடியாப்பம், கொத்துச் சப்பாத்தி.

படுகைக்கே உரிய பண்டங்களும் வண்டியில் ஏறுகின்றன. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கடப்பா அவற்றுள் ஒன்று. வேகவைத்த பாசிப்பருப்பும் மசித்த உருளைக்கிழங்கும், தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, பூண்டு, பொட்டுக்கடலை ஆகியவற்றை அரைத்த விழுதோடு கொதித்து, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு ஏற்று, இட்லியின்மேல் இறங்கும். சாம்பார், சட்னி என்று பல பாத்திரங்கள் வைக்க இடமில்லாத வண்டிக்கு, ஒன்றே போதுமான இத்தகைய தொடுகறி பெரிய உதவி. கடலோரத்தில் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கங்களில் அரிசிமாவில் வெங்காயம் சேர்த்து, மேலே இறால் பதித்துப் பொரிக்கும் வாடா மாலைநேரப் பண்டம். இவை இருக்கும் ஊரில் மோமோவும் ஷவர்மாவும் மட்டுமே ‘ஃபுட் டிரக்’ பண்டங்கள் என்று எண்ணும் வழக்கம் வருத்தம் தருகிறது. கொரிய இறைச்சியை டாக்கோவில் வைத்தவர்கள் தம் வீட்டுச் சுவையை வண்டியில் ஏற்றினார்கள். அதுவே இத்தொழிலின் இலக்கணம் என்றால், கடப்பா ஊற்றிய பொடி இட்லியும் இறால் வாடாவும் அவ்விலக்கணத்துக்கு முழுவதும் உட்பட்டவை. தட்டின்மேல் வாழையிலைத் துண்டு விரித்துப் பரிமாறுவதும் நம்மூர் ஏற்பாடே. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் வாழை விளைகிறது, தண்ணீர் குறைவான வண்டியில் தட்டுக் கழுவும் வேலையும் மிச்சமாகிறது.

வண்டி நகர வேண்டிய தேவையும் படுகைக்குப் புதிதன்று. நாகூர்க் கந்தூரி, செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழா, திருவாரூர் ஆழித்தேர், திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனை, ஆற்றங்கரைகளின் ஆடிப்பெருக்கு என்று கூட்டம் ஊர்விட்டு ஊர் மாறுகிறது. திரிவிலைஞரும் அதன்பின் செல்கிறார்கள்.

சட்டமும் ஊர்ப்பெயர்களுக்கு இடம் தந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், தற்காலிக அமைப்பில் இருந்தோ இடம்விட்டு இடம் சென்றோ விற்பவர் அனைவரையும் தெரு வணிகர் என வரையறுத்து, அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் ஒத்த பெயர்களையும் அவ்வரையறையில் சேர்க்கிறது. தெரு வணிகத்தை முறைப்படுத்த உள்ளாட்சிகளில் அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகர்களாகவும், அவர்களுள் மூன்றில் ஒருபங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி.

ஆகவே எழுதும்போது இவ்வாறு கொள்ளலாம். ஃபுட் டிரக் என்பதற்கு ‘வண்டிக்கடை’. பிற பொருள் விற்கும் வண்டிகளோடு மயக்கம் நேரும் இடத்தில் ‘உணவு வண்டிக்கடை’. அரசு விண்ணப்பங்களில் ‘நடமாடும் உணவகம்’ இருக்கட்டும். நடத்துபவர் ‘வண்டிக்கடைக்காரர்’, ஊர் ஊராகச் செல்பவரைச் சிறப்பித்துச் சொல்ல ‘திரிவிலைஞர்’. வண்டியும் கடையும் சேருமிடத்தில் க் என்னும் வல்லின ஒற்று மிகும். ‘வண்டி கடை’ என்று பிரித்து எழுதினால் ஒரே கூட்டுச்சொல்லாக அன்றித் தொடர்பற்ற இரு சொற்களாகத் தோன்றும் என்பதால், பெயர்ப்பலகை எழுதுவோர் அந்த ஒற்றை விடாமல் எழுத வேண்டும்.