புரூட்டலிசம்னா மிருகத்தனமா?

சண்டிகர் தலைமைச் செயலகம் போட்டோ ஒண்ணு, கீழ "மிருகத்தனக் கட்டடக்கலை"ன்னு போட்டிருக்காங்க. புரூட்டலிசம்ங்கிற கட்டடப் பாணியைத்தான் இப்படித் தமிழ்ல மாத்தியிருக்காங்க. இதோட நாலாவது தடவை பாக்குறேன். கட்டடம் யாரைக் கடிச்சுது?

பிரெஞ்சுல 'புருட்'னா மேல வேலை செய்யாம விட்டது. இனிப்பு கம்மியான ஷாம்பெயின் பாட்டில்லயும் இதே வார்த்தைதான், அதை மிருகத்தன ஷாம்பெயின்னு சொல்வீங்களா? பிரான்ஸ்ல மார்சேய் ஊர்ல 1952ல முடிஞ்ச குடியிருப்போட பூசாத கான்கிரீட்டை, அதை வரைஞ்ச கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 'பெட்டோன் புருட்'னார் ('பெட்டோன்'னா கான்கிரீட்), அடுத்த வருஷம் இங்கிலாந்துல கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதி 'நியூ புரூட்டலிசம்'னு எழுதினாங்க. 'புரூட்டல்'ங்கிற ஆங்கில வார்த்தைக்கும் லத்தீன் வேர் ஒண்ணுதான், திட்டுறவங்களுக்கு அது வசதியாப் போச்சு, அதுக்காக நாமளும் திட்டையே பேரா வைக்கணுமா?

அந்தச் செயலகமும் கொர்பூசியே வரைஞ்சதுதான், 254 மீட்டர் நீளம், 1958ல முடிஞ்சுது. கான்கிரீட்ல சென்ட்ரிங் அடிச்ச தடத்தை மறைக்கல. ஜன்னலுக்கு முன்னாடி ஆழமா கான்கிரீட் தடுப்பு, உள்ள ஃபைல் பாக்குறவர் மேல வெயில் அடிக்கக் கூடாதுன்னு. இதுல என்ன மிருகத்தனம்?

எங்க வீடு கட்டின கொத்தனார்கிட்ட போட்டோவைக் காட்டினேன். "ஏன் சார், பூசாம விட்டுட்டாங்க, காசு தீந்துபோச்சா?"ன்னார். அவ்ளோதான், சொல் கிடைச்சிருச்சு, பூசாக் கட்டடக்கலை.

தனித்தமிழ் நண்பர் ஒருத்தர் விடல, 'வெறுங்கற்காரைக் கட்டடக்கலை'தான் சரின்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். சுத்தத் தமிழ்தான், ஆனா கற்காரைன்னா கான்கிரீட்டுன்னு எத்தனை பேருக்குத் தெரியும், அதோட பொருளே தப்பு, ஏன்னா ஸ்மித்சன் தம்பதி ஹன்ஸ்டன்டன்ல கட்டி 1954ல திறந்த பள்ளிக்கூடம் இரும்பு, செங்கல், கண்ணாடி, குழாயெல்லாம் வெளியவே தெரியும், அதையும் புரூட்டலிசம்னுதான் சொல்றாங்க. கான்கிரீட்டுன்னு பேர்லயே எழுதிட்டா அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது? இன்னொருத்தர் 'பச்சைக் கான்கிரீட்'னார், பச்சைச் செங்கல் மாதிரியாம். கேக்கறவங்க இன்னும் காயலைன்னு நெனப்பாங்க, இல்லன்னா மாடித்தோட்டம்னு நெனப்பாங்க. 'முரட்டுக் கட்டடக்கலை' பரவாயில்ல, முரட்டுத் துணின்னு சொல்றோமே, அந்த சொரசொரப்பு அதுல இருக்கு, ஆனா அதுலயும் கட்டடத்து மேல கோவம் கொஞ்சம் ஒட்டிக்குது.

நம்ம மொழிபெயர்ப்பாளருங்க அகராதியத் திறந்தா முதல் பொருளோட மூடிடறாங்க. பக்கத்துலயே சித்தாள் கலவை தூக்கிட்டுப் போவாங்க, அவங்களை ஒரு வார்த்தை கேட்டா என்ன?